ஸ்பான்சர்ஷிப் உண்டா என்று முதல் வரியிலேயே கேளுங்கள்

ஈரோட்டில் நான் மூன்றாண்டு வேலை பார்த்த மெடிக்கலில், கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட கத்தரிக்கோல் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு நான்கு, சர்க்கரைக்குப் பத்து நாளைக்கு என்று கேட்பவர்களுக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பதுதான் என் நாளின் பாதி வேலை. அந்தக் கத்தரிக்கோலை விட்டுவிட்டு இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு பழைய சுரங்க ஊரில் மருந்தாளுநராக நிற்பதற்கு எனக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. அவற்றில் படிப்புக்கும் தேர்வுக்கும் போன காலத்தைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. பயிற்சி இடம் தேடிய எட்டு மாதங்களைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் இந்த வழியில் வர நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் தேர்வு கடினமா என்று கேட்கிறார்களே தவிர, பயிற்சி இடம் எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் மருந்தாளுநர் பதிவேட்டை வைத்திருப்பது ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில். நம் பி.பார்ம் பட்டமும் மாநில பார்மசி கவுன்சில் பதிவும் உள்ளவர்கள் ஓஸ்பாப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓராண்டு முதுநிலைப் படிப்பை இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முடித்து, 52 வாரம் பயிற்சி மருந்தாளுநராகப் பணியாற்றி, அதன்பின் பதிவுத் தேர்வு எழுத வேண்டும். டி.பார்ம் படித்தவர் நம் ஊரில் கடை நடத்தலாம். இங்கே அது வாசற்படியைத் தாண்டாது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும், ஒரே முறை எழுதியதில், தலா 7 வேண்டும். முதல்முறை எழுத்துப் பிரிவில் எனக்கு 6.5 வந்தது. அந்த அரை மதிப்பெண்ணுக்காக முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டினேன். சான்றிதழ்களுக்காகக் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் மாநில கவுன்சிலுக்கும் என் தம்பி நடந்த நடையைக் கணக்கிட்டால் அவனுக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

2021 செப்டம்பரில் சண்டர்லாந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். மாணவர் விசாவில் வந்தவர்கள் பாடம் நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதால் கையில் காசு எப்போதும் எண்ணிப் பார்க்கும் அளவில்தான் இருந்தது. படிப்பு முடிந்ததும் பயிற்சி தானாக வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் கல்லூரியே மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் மனதில் இருந்தது. முதல் வாரத்திலேயே ஒரு விரிவுரையாளர் அதைக் கலைத்தார். பயிற்சி என்பது சம்பளம் தரும் வேலை; அதை நாமேதான் தேட வேண்டும்; வேலை தருபவரிடம், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உள்துறை அமைச்சகம் தரும் ஸ்பான்சர் உரிமம் இருந்தால்தான் நம்மால் அதில் சேர முடியும். மருத்துவமனை இடங்களுக்கெல்லாம் ஓரியல் என்ற பொது விண்ணப்ப முறை உண்டு. ஆனால் அதன் வாசல் பயிற்சி தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, கோடையில் திறந்து கோடையிலேயே மூடிவிடும். நான் விமானம் ஏறும்போதே அது மூடியாகிவிட்டது. முன்கூட்டியே விவரம் தெரிந்த கேரளத்து வகுப்புத் தோழி ஒருத்தி ஈரோடு அளவே உள்ள தன் ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்திருந்தாள். எனக்கு எஞ்சியவை தெருவோர மருந்துக் கடைகள் மட்டுமே.

அக்டோபரில் ஒரு கடையில் இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன். தெற்கே ஒரு கடலோர ஊர். உரிமையாளர் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசி, என்னைப் பிடித்திருக்கிறது என்றார். அவரிடம் ஸ்பான்சர் உரிமம் இல்லை, ஆனால் வாங்கிவிடுவதாகச் சொன்னார். சிறு நிறுவனத்துக்கு அப்போது உரிமக் கட்டணம் 536 பவுண்டு. விண்ணப்பித்தால் பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் முடிவு வந்துவிடும். எனவே நானும் நம்பினேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார். பிறகு கணக்காளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார். பிப்ரவரி இறுதியில், தாம் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்றும் அந்தத் தொல்லை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகவும் மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. அவர் கெட்ட மனிதர் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். 'வாங்கிவிடலாம்' என்பதற்கும் 'வாங்கியாயிற்று' என்பதற்கும் நடுவில் என் நான்கு மாதம் போய்விட்டது. தொழில் நடத்துகிற ஒருவருக்கு அது மறந்துபோகக்கூடிய ஒரு படிவம்; எனக்கோ ஆகஸ்டுக்குப் பின் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதே அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் நம்மவர் ஒருவர், வேலை விசாவுக்குத் தேவையான, சிஓஎஸ் எனப்படும் ஸ்பான்சர் சான்று எண்ணை வாங்கித் தருவதாகவும் அதற்கு 3,000 பவுண்டு ஆகும் என்றும் சொன்னார். பதறிப்போய் இருந்தவளுக்கு அது பெரிய தொகையாகக்கூடத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை. என்னை நிறுத்தியது அறிவுரை அல்ல, அரசின் வழிகாட்டிக் குறிப்பில் இருந்த ஒரு வரி. ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அரசுக்குக் கட்டும் திறன் கட்டணத்தை, சிறு நிறுவனமென்றால் அப்போது ஆண்டுக்கு 364 பவுண்டை, ஊழியரிடமிருந்து வாங்கவே கூடாது என்று அதில் இருந்தது. அந்தக் கட்டணத்தையே வாங்கக் கூடாதென்றால், அதன் எட்டு மடங்கை இவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசித்தேன். யோசித்ததோடு தொலைபேசியையும் அணைத்துவிட்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் வேறு விதமாகத் தேடத் தொடங்கினேன். ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் உள்துறை அமைச்சகம் இணையத்தில் வெளியிடுகிறது. பல்லாயிரக்கணக்கான வரிகள் கொண்ட, எக்செலில் திறக்கக்கூடிய கோப்பு அது: நிறுவனத்தின் பெயர், ஊர், விசா வகை. அதில் 'பார்மசி', 'கெமிஸ்ட்' என்று தேடினால் கிடைப்பது சொற்பம். ஏனென்றால் கடையின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் வேறு, அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் வேறு. ஆனால் மருந்துக் கடைகளுக்கு ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில் வைத்திருக்கும் பதிவேட்டில் ஒவ்வொரு கடைக்கும் உரிமையாளர் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். எனவே ஊர் ஊராகக் கடைகளை எடுத்து, உரிமையாளர் பெயரைப் பார்த்து, அந்தப் பெயர் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கிறதா என்று ஒப்பிட்டேன். லண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம் பக்கமே போகவில்லை. அங்கே உள்ளூரில் படித்து முடித்தவர்களே வரிசையில் நிற்பார்கள். டரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள், கம்ப்ரியா, லிங்கன்ஷயர் என்று ரயில் வரத்து குறைந்த இடங்களாகப் பார்த்து எடுத்தேன். பதினொரு இரவுகளில் அறுபத்து மூன்று பெயர்கள் தேறின.

மின்னஞ்சலையும் மாற்றி எழுதினேன். முன்பெல்லாம் என் பட்டம், மதிப்பெண், ஆர்வம் எல்லாம் எழுதிக் கடைசியில் கூச்சத்தோடு விசா பற்றி ஒரு வரி சேர்ப்பேன். இப்போது முதல் வரியிலேயே விஷயத்தைச் சொன்னேன்: உங்கள் நிறுவனத்திடம் ஸ்பான்சர் உரிமம் இருப்பதைப் பார்த்தேன், எனக்கு ஆகஸ்டு 2022 முதல் 52 வாரப் பயிற்சி இடம் தேவை, பயிற்சி மருந்தாளுநர் ஒருவரை வைத்துக்கொள்ளும் கடைக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் மானியம் உண்டு, நான் உள்நாட்டிலிருந்தே விசா மாறிக்கொள்வேன். பாதிப் பேர் பதிலே எழுதவில்லை என்றாலும், பதில் எழுதியவர்கள் எல்லோரும் தெளிவாக எழுதினார்கள். அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏப்ரலில் நேர்காணல். கடை இருந்தது ஈசிங்டன் பக்கத்தில். அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கம் 1993ல் மூடப்பட்டது. செங்கல் வீட்டு வரிசைகள் மட்டும் கடலை நோக்கி இறங்கிப்போகின்றன. உரிமையாளர் குஜராத்தி; 1972ல் இடி அமீன் துரத்தியபோது உகாண்டாவிலிருந்து வந்த குடும்பம். அவர் மருந்தியல் எதையும் கேட்கவில்லை.

"ஒரு பெண் வந்து மூன்று பெட்டி பாராசிட்டமால் கேட்கிறாள். என்ன செய்வீர்கள்?" என்றார்.

நான் சட்டம் சொன்னேன். 1998 முதல் மருந்துக் கடையில் ஒரு பெட்டிக்கு 32 மாத்திரை, மற்றக் கடைகளில் 16. மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஒரே தடவையில் நூறுக்கு மேல் கொடுக்கக் கூடாது. மூன்று பெட்டி என்றால் 96, எனவே சட்டப்படி கொடுக்கலாம்.

"எல்லாம் சரிதான். அந்தச் சட்டம் எதற்காக வந்தது?"

தற்கொலைக்காக மாத்திரையை அள்ளி விழுங்குபவர்களைத் தடுக்க, என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் ஏன் கணக்குப் போட்டீர்கள்? அவள் முகத்தை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?"

இடம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே பேருந்து ஏறினேன். மூன்றாம் நாள் வேலைக்கான கடிதம் வந்தது. மருத்துவத் துறையினருக்கான ஹெல்த் அண்ட் கேர் வகை விசா என்பதால், விசாவோடு கட்ட வேண்டிய, அப்போது ஆண்டுக்கு 624 பவுண்டாக இருந்த மருத்துவக் கூடுதல் கட்டணமும் இல்லை.

அவரை 'சார்' என்று கூப்பிட வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்றார். அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்ல நாக்கு எழாமல், மூன்று வாரம் அவர் என் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து பேசினேன்.

கடையில் கத்தரிக்கோலுக்கு வேலை குறைவு. மாத்திரைகள் நான்கு வாரக் கணக்கில் 28 ஆகப் பெட்டியிலேயே வருகின்றன. நாம் பார்ப்பது சீட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரையும்தான். அங்கேதான் நான் திணறினேன். மருந்து எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் பேசியது புரியவில்லை. எல்லோரும் என்னைப் 'பெட்' என்று கூப்பிட்டார்கள். அது இந்தப் பக்கத்தில் நாம் 'கண்ணு' என்பதைப் போல என்று கடையின் உதவியாளர் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். மூச்சுத்திணறலோடு வரும் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் மாதம் தவறாமல் நீல இன்ஹேலர் வாங்குவார். ஒருநாள் அதை எப்படி உறிஞ்சுகிறீர்கள், காட்டுங்கள் என்றேன். உதட்டில் வைத்து அழுத்தினார். அழுத்திய பிறகுதான் மூச்சை இழுத்தார். பாதி மருந்து அவர் மீசையில் வெண்புகையாக நின்றது. எத்தனை ஆண்டாக இப்படி என்று கேட்டேன். சுரங்கம் மூடியதிலிருந்து, என்றார். ஸ்பேசர் குழாய் ஒன்றைப் பொருத்தி, மெதுவாக, ஆழமாக இழுக்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பயிற்சிக்காலத்தில் 13, 26, 39ஆம் வாரங்களில் நம் முன்னேற்றத்தை மேற்பார்வையாளர் அறிக்கையாக எழுத வேண்டியிருந்தது. என் 13ஆம் வார அறிக்கையில் அந்தப் பத்து நிமிடம்தான் பாதிப் பக்கத்துக்கு இருந்தது.

2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப் ஏ என்ற பாக்டீரியாத் தொற்று பரவி, நாடு முழுக்கப் பெனிசிலின் சிரப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. தாய்மார்கள் சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார்கள். மாதத்தின் நடுவில் அரசு தனி நெறிமுறை வெளியிட்டு, எழுதியிருக்கும் சிரப்புக்குப் பதிலாக வேறு செறிவு, வேறு வடிவம் கொடுக்க மருந்தாளுநருக்கு அனுமதி தந்தது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் கேட்டு வந்த ஒரு தாய்க்கு, எங்களிடம் 250 உள்ளதுதான் இருந்தது. உரிமையாளர் சரிபார்த்துக் கொடுக்க, நான் வாய்வழி ஊசிக்குழலில் 2.5 என்ற கோட்டின் மேல் பேனாவால் ஒரு வளையம் போட்டு, இங்கே வரைக்கும்தான், 5 இல்லை, என்று இரண்டு முறை சொன்னேன். அந்தத் தாயையும் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னேன்.

பதிவுத் தேர்வு ஜூன் 2023. முதல் தாளில் 40 கணக்குகளுக்கு இரண்டு மணி நேரம். இரண்டாம் தாளில் 120 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் மூன்று முறைதான் எழுதலாம் என்பதைத் தவிர அதில் பயப்பட ஒன்றுமில்லை; உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். சொல்லாமல் விடக் கூடாதது வேறொன்று. நான் வந்த வழி இப்போது அப்படியே இல்லை. 2025 முதல் இங்கிலாந்தில் பயிற்சி இடங்கள் எல்லாம் ஓரியல் வழியே நிரப்பப்படுகின்றன. பயிற்சியோடு மருந்து எழுதும் தகுதியும் சேர்ந்துவிட்டதால், அதை மேற்பார்வையிட மருந்து எழுதும் உரிமை உள்ள ஒருவரைக் கடை தேடிக்கொள்ள வேண்டும். சிறு கடைகளுக்கு அது எளிதல்ல. எனவே கிளம்பும் முன்பே, எந்த ஆண்டில் எந்த மாதத்தில் எந்த வாசல் திறக்கிறது என்று பாருங்கள். விமானச் சீட்டு அதற்குப் பிறகு.

ஜூலை கடைசியில் தேர்ச்சி என்று வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறி ஏழு இலக்க எண்ணும் வந்தபின், அதே கடை மருந்தாளுநர் பணிக்குப் புதிய சிஓஎஸ் கொடுத்தது. அன்றைக்குக் கடையில் பொறுப்பு யாருடையது என்பதை நோயாளிகள் பார்க்கும்படி எழுதி மாட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் பலகையில் முதல்முறையாக என் பெயரும் எண்ணும் ஏறிய காலையில், இன்ஹேலர்க்காரர் வந்தார். கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் நிரப்பிய அப்பா பெயரைத்தான் அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்காம் எழுத்தில் தடுக்கி நின்றுவிட்டு, "இவர் யார், புதிதாக வந்திருக்கிறாரா?" என்று என்னிடமே கேட்டார்.