போர்டு வரும் வரை

அக்டோபர் 24
60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போர்டின் கெர்பர் கோப்புகள் (தயாரிப்பு வரைபடங்கள்) ஃபேபுக்கு, அதாவது போர்டு செய்யும் ஆலைக்கு, போயாயிற்று. இனி கை வைக்க முடியாது.

அக்டோபர் 25
ஆக்ஸிஜன் 60 கிகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல். 3 மீட்டர் அறையில் 0.05 கூட வராது. வெறும் தூரமே அந்த 3 மீட்டரில் 77.6 டெசிபெல்லைத் தின்கிறது. நடுவில் ஓர் ஆள் வந்து நின்றால் இன்னும் 20-க்கு மேல். அந்த ஆளுக்காகத்தான் அரை அரை டெசிபெல்லாகக் காக்க வேண்டியிருக்கிறது. எல்என்ஏவுக்கு (வரும் மெலிந்த சிக்னலை முதலில் பெருக்கும் சுற்று) முன்னால் தொலையும் ஒரு டெசிபெல், இரைச்சல் எண்ணில் அப்படியே ஒரு டெசிபெல்லாக ஏறும். பிறகு எவ்வளவு பெருக்கினாலும் திரும்பி வராது.

அக்டோபர் 28
சிப்பும் போர்டும் சேரும் அந்த இடம். எல்லாம் அங்கேதான்.

பாண்ட் வயர் (சிப்பையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய கம்பி) மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி மின்தூண்டம். 0.3 மிமீ கம்பி போட்டால் 60 கிகாஹெர்ட்ஸில் 113 ஓம், அதுவும் 50 ஓம் பாதையின் நடுவே. இரு முனையிலும் பேடை (கம்பி ஒட்டும் உலோகத் திட்டு) பெரிதாக்கி மின்தேக்குத்திறன் சேர்த்தால் சரிக்கட்டலாம். ஆனால் கம்பி நீளம் 50 மைக்ரான் மாறினாலே 19 ஓம் மாறும், சரிக்கட்டியது கலைந்துவிடும். போர்டில் குழி வெட்டி, சிப்பின் மேல்முகம் போர்டோடு சமமாக வரும்படி இறக்கினால் கம்பி குறுகும். ஃபிளிப் சிப்பில், அதாவது சிப்பைக் கவிழ்த்து சிறு உலோக மொட்டுகளால் (பம்ப்) ஒட்டினால், பம்ப் ஒவ்வொன்றும் சில பத்து பிக்கோஹென்றிதான், அதனால் அதையே எடுத்தோம். அதற்கும் விலை உண்டு: வெப்பம் பம்புகள் வழியாக மட்டுமே இறங்கும், அண்டர்ஃபில் (சிப்புக்கடியில் விடும் பசை) சிக்னல் போகும் ஆர்எஃப் பேடுக்கடியில் ஓடினால் சிப்பிலுள்ள லைன்களின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) நழுவும். மூலைகளில் மட்டும் ஒட்டச் சொல்லி வரைபடத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது.

அக்டோபர் 31
தீபாவளி. லேப் பூட்டு. ஃபேபிலிருந்து தகவல் இல்லை.

நவம்பர் 4
ஆன்டெனாவுக்கு ஒற்றை பேட்ச் (போர்டில் பொறித்த உலோகத் திட்டு) போதாதா என்று புதிதாக வந்த தம்பி கேட்டார். கணக்கே பதில் சொல்லும். போர்டின் அடிப்பொருள் ரோஜர்ஸ் ஆர்ஓ3003, 0.127 மிமீ தடிப்பு, மின்காப்பு எண் 3: பேட்ச் நீளம் 1.39 மிமீ, அலைப்பட்டை மிஞ்சினால் 1.6 கிகாஹெர்ட்ஸ். 802.11ஏடி (60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தரம்) சேனல் ஒன்றே 2.16. நான்கு சேனலும் வேண்டுமென்றால் 57.24 முதல் 65.88 வரை மூட வேண்டும். தடிப்பைக் கூட்டினால் பட்டை விரியும், கூடவே மேற்பரப்பு அலை கிளம்பி அரேயில் (பேட்சுகளின் வரிசையில்) அண்டைப் பேட்சுகளைக் கெடுக்கும். அதனால் அடுக்கு பேட்ச்: கீழே ஊட்டுவது, மேலே தொங்குவது. எட்சிங்கில் (தாமிரத்தை அரித்து வடிவெடுக்கையில்) 20 மைக்ரான் பிசகினால் 0.8 கிகாஹெர்ட்ஸ் நகரும் என்பதையும் அவர் குறித்துக்கொண்டார்.

நவம்பர் 6
மழை விடவில்லை. நிக்கல் பூச்சு வேண்டாம் என்று எழுதியதை ஃபேப் படித்திருக்குமா என்பதே நினைப்பாக இருக்கிறது. 60 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் தாமிரத்தின் 0.27 மைக்ரான் தோலில்தான் ஓடுகிறது. அந்தத் தோல் நிக்கலானால் இழப்பு ஏறும். தகட்டின் மேடுபள்ளம் 2 மைக்ரானாக இருந்தாலும் அதே கதி. இம்மெர்ஷன் சில்வர் (மெல்லிய வெள்ளிப் பூச்சு), வழுவழுப்பான உருட்டுத் தாமிரம். இரண்டையும் கேட்டிருக்கிறது.

நவம்பர் 12
வந்துவிட்டது. வெள்ளிப் பூச்சு அழகு. ஆன்டெனாமேல் சோல்டர் மாஸ்க் (தாமிரத்தை மூடும் காப்புப் பூச்சு)!

திறந்து விடச் சொன்ன இடத்தை மூடியிருக்கிறார்கள். ஒத்ததிர்வு கீழே இறங்கும், மாஸ்க்கின் இழப்பு வேறு. சுரண்டினால் பேட்ச் விளிம்பு போய்விடும். நெஞ்சு எரிகிறது. அடுத்த தொகுதிக்கு எழுதியாயிற்று, திரும்பவும் காத்திருப்பு.

நவம்பர் 13
இந்தத் தொகுதி முழுக்க வீணில்லை. சிப் இணைப்பை அளக்க ஆன்டெனா வேண்டாம். இரண்டு இணைப்புகளை முதுகோடு முதுகாக வைத்து அளந்து பாதியாக்கலாம். டிஆர்எல் துண்டுகள் (அளவுக் கருவியைச் சரிபார்க்கும் மாதிரி லைன்கள்) இதே போர்டில் இருக்கின்றன. அவற்றில் ‘லைன்’ என்ற துண்டு, நேரடி இணைப்பான ‘துரூ’வைவிட 0.8 மிமீ நீளம், அதாவது 60-இல் கால் அலை. 1.85 மிமீ கனெக்டர்களை டார்க் ரெஞ்ச் இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

அசெம்பிளிக்கு முன் போர்டை அடுப்பில் சூடாக்கி ஈரம் போக்கியாக வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் போர்டு திறந்து கிடந்தால் அண்டர்ஃபில்லில் குமிழ் வரும். ஆனால் வெள்ளிப் பூச்சு அதிகச் சூட்டில் கறுக்கும். 105 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

நவம்பர் 18
இணைப்பு நன்றாக இருக்கிறது! மனசு லேசாகிவிட்டது.

மாலை: மூடியைப் போட்டதும் எல்என்ஏ ஆட, அதாவது தானாகவே அலை எழுப்ப, தொடங்கியது. எடுத்தால் நிற்கிறது. மூடியின் உட்குழி 3.5 மிமீ சதுரம், ஒத்ததிர்வு 60.6 கிகாஹெர்ட்ஸ், பட்டையின் நட்டநடுவே. வெளியீடு குழி வழியாகவே உள்ளீட்டுக்குத் திரும்புகிறது. உள்ளே குறுக்குச் சுவர் வைத்து அகலத்தை 2 மிமீக்குக் குறைத்தால் கட்ஆஃப் (இதற்குக் கீழான அலை குழியில் பரவாது) 75-க்குப் போகும். அடியிலுள்ள போர்டின் மின்காப்புப் பொருள் அதைக் கொஞ்சம் இறக்கினாலும் 66-க்கு மேலேதான் நிற்கும். சுவரடியில் கிரவுண்ட் வையாக்கள் (கிரவுண்டோடு இணைக்கும் உலோகத் துளைகள்) 0.35 மிமீ இடைவெளியைத் தாண்டக்கூடாது. அதுவரை மூடியின் உள்முகத்தில் அப்சார்பர் (அலை உறிஞ்சி).

நவம்பர் 19
அப்சார்பர் ஒட்டியாயிற்று. முதல் சேனலின் நடுவான 58.32-இல் அமைதி. நான்காவதின் நடுவான 64.80-ஐ இன்னும் பார்க்கவில்லை.