பாப்பா வீடு வாங்குகிறாள்

2024 ஜனவரி 21, ஞாயிறு

பொங்கலுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு பாப்பா சொன்னாள்: "ப்பா, நான் வீடு வாங்கப் போறேன்."

முப்பத்தொரு வயது. எங்களுக்கு இன்னும் பாப்பாதான். பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. பேச்சு இழுக்கும், அவசரக்காரர்களுக்குப் பிடிபடாது. வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குப் புரூஃப் பார்க்கிறாள், வலது கையின் ஒற்றை விரலால் தட்டித்தட்டி. சம்பளம் 41,000. ஒன்பது லட்சம் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"உங்களுக்கு அப்புறம் அண்ணன் வீட்டு ஹால்ல ஒரு கட்டில், அதெல்லாம் வேணாம்ப்பா."

அவள் அம்மா, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்று ஞாயிறு, ஒன்பது வீடு. தரைத்தளம் என்றால் தண்ணீர், மாடி என்றால் லிஃப்ட். தாம்பரம் பக்கம் வீடு தேடுகிறவனுக்கு இது பழகிய தலைவலி. எங்களுக்கு இரண்டு மடங்கு. முடிச்சூரில் படியே இல்லாத ஒரு தரைத்தள வீடு. 2015இல் அந்தப் பக்கம் மூழ்கியது, போன டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. "இந்தத் தெருவுக்குத் தண்ணியே வராது சார்" என்றார் புரோக்கர். சுவரில் புது பெயின்ட் வாசனை. ஈபி மீட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே காய்ந்த சேறு.

இன்னொரு இடத்தில் லிஃப்ட் உண்டு, லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படியும் உண்டு. ஒரு அங்குலம் ஏற ஓர் அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. படி இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு அங்குலம், அதற்குப் பன்னிரண்டு அடி. அங்கே இருந்ததோ நாலடி இடம். "ஒரு பலகையைப் போட்டா போச்சு" என்கிறார் மனுஷன். அதில் ஏற்றினால் நாற்காலியோடு மல்லாந்து விழ வேண்டியதுதான்.

இஞ்ச் டேப் இப்போது என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாற்காலி 26 அங்குலம். பாத்ரூம் கதவு எல்லா வீட்டிலும் இரண்டரை அடிதான். நிலையும் கதவும் போக இருபத்தாறரை தேறும். சக்கரத்தைத் தள்ளும் கை எங்கே போகும்? முட்டித்தோல் உரிந்துவிடும்.

மார்ச் 6, புதன்

செம்பாக்கத்தில் ஒன்று அமைந்தது. இரண்டாவது மாடி, 700 சதுர அடி, எட்டு வருடக் கட்டடம். வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி இல்லை. கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர். பாத்ரூம் சுவர் நாலரை அங்குலம், பில்லர் கட்டடம், சுவரில் பாரம் இல்லை. இடித்து மூன்றடி கதவு வைக்கலாம் என்றார் கொத்தனார். விலை 42 லட்சம். அவளுடைய ஒன்பது, என் ஓய்வுப் பணத்தில் பதினொன்று, கடன் இருபத்திரண்டு.

இன்று வங்கி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்ததும் அதிகாரி முகம் மாறியது. "கலெக்டர்கிட்ட கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க சார்." 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டம்: ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்கு மேலும் பாதுகாவலர் தேவைப்பட்டால், கலெக்டர் தலைமையிலான குழு நியமிக்கும். தேவைப்பட்டால்தான். குறைபாட்டின் பேரைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தேவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

"பொண்ணுக்கு விவரம் புரியுமா?" என்று என்னைக் கேட்டார். "நல்லாப் புரியும் சார்" என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க. அவள் போனில் எதையோ எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13ஆவது பிரிவு: சொத்து வைத்திருக்கவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை. அவர் இரண்டு தரம் படித்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறாராம்.

ஆட்டோவில் வரும்போது, "நீங்களும் ஏம்ப்பா எனக்காகப் பேசுறீங்க?" என்றாள். முப்பது வருடப் பழக்கம்.

மே 19, ஞாயிறு

கடன் கிடைத்துவிட்டது, என் ஜாமீனோடு. இருபது வருடம், மாதம் 19,400 சொச்சம்.

பெரியவன் வந்திருந்தான். "என் பேர்ல இருந்தா சேஃப்ப்பா. அவளை எவனாவது ஏமாத்தி எழுதி வாங்கிட்டா?" கெட்ட எண்ணமில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். பாப்பா கேட்டாள், "போன வருஷம் ஆன்லைன்ல அறுபதாயிரம் ஏமாந்தியே, உன் ஃப்ளாட்டை யார் பேருக்கு மாத்தப் போற?" சாப்பிடாமல் போய்விட்டான்.

ஜூலை 12, வெள்ளி

பத்திரப் பதிவு. ஆடி பிறக்க ஐந்தே நாள், கேட்க வேண்டுமா கூட்டத்தை! முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம்: 3,78,000.

உடம்பு முடியாதவர்களுக்கு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிய 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மனு எழுதி வைத்திருந்தேன். அவள் நேரில்தான் வருவேன் என்றாள். மூன்று படி. பத்திர எழுத்தரும் ஜெராக்ஸ் கடைப் பையனும் நாற்காலியைத் தூக்கினார்கள்.

போட்டோ ஆயிற்று. அடுத்தது கைரேகை. பதற்றம் வந்தால் அவள் கை மூடிக்கொள்ளும். கட்டைவிரல் உள்ளே போய்விடும். அங்கிருந்த பெண் விரலைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க இறுகும். பின்னால் வரிசையில் ஒருவர், "அப்பா கையை வெச்சுடுங்க சார், முடிஞ்சது" என்றார். நான் அருகே போனேன். பாப்பா தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. "விட்... டுடுங்க. அதுவா... வரும்."

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒரு நிமிடம் இருக்கலாம். சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது, அப்புறம் மற்றவை, கடைசியில் கட்டைவிரல். அவளே கண்ணாடியில் வைத்தாள். முதல் தரம் பதியவில்லை. இரண்டாவது தரம் பதிந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணியில் பால் காய்ச்சியாயிற்று. பெரியவன் குக்கர் வாங்கி வந்தான். தங்கை கைக்கு எட்டும் உயரத்தில் அவனே அலமாரிப் பலகையையும் அடித்தான். பகலில் உதவிக்கு ஓர் அம்மாள் வருகிறார். ராத்திரிக்கு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு அவள் அம்மா அங்கே படுத்துக்கொள்கிறாள், "பத்து நாள் மட்டும்" என்ற பாப்பாவின் கறாரின் பேரில்.

புதுப் பாத்ரூம் கதவு மழைக்கு ஊதி, கீழே உரசுகிறது. சனிக்கிழமை தச்சர் வருகிறார். அவளே பேசிக் கூலி முடித்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் வர வேண்டாமாம்.