ஒரே ஒரு யூஎஸ்பி துளை: ரங்கூன் நாட்குறிப்பு

நவம்பர் 9, 2024, சனி

கோயில் அலமாரியில் இருந்த கேசட்டுகளை எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கியாயிற்று. திருப்புகழ், காவடிச்சிந்து, திருவிழாப் பேச்சு, நடுநடுவே யாரோ பாடிய தாலாட்டு. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அந்த நாடா இன்னும் எத்தனை மழைக்காலத்தைத் தாங்கும்? இந்த வருடமே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

கையில் இருப்பது ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ. 2017இல் வந்த சின்னக் கணினிப் பலகை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது, சும்மா இருக்கும்போது ஒரு வாட் கூட இழுக்காது. 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருந்தால் வேலை நடக்கும்.

ஆனால் அதில் மைக்ரோ யூஎஸ்பி துளை இரண்டே இரண்டு. ஒன்று மின்சாரத்துக்கு மட்டும். மிச்சம் ஒன்றில் கேசட் ஒலியை உள்ளே எடுக்கும் சவுண்டு கார்டு, பென் டிரைவ், கீபோர்டு, மவுஸ் நான்கும் போக வேண்டும். வைஃபை வழியாக வேறு கணினியிலிருந்து ஓட்டினால் கீபோர்டு வேண்டாமே என்று கேட்கலாம். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். அதோடு, பாட்டைக் கேட்டதும் "இது இன்னார் குரல்" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அங்கேயே பெயரைத் தட்டச்ச வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் சாலிடரிங் தெரிந்த மாணவனோடு அனவ்ரதா வீதிப் பக்கம் ஹப் பார்க்கப் போனேன். ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளைகளாக, அதாவது போர்ட்டுகளாக, பிரித்துத் தருவதுதான் ஹப்.

"அண்ணே, ஏழு போர்ட் இருக்கறதையே எடுத்துக்கலாமே?"

ஏழு போர்ட் ஹப்பைப் பிரித்தால் பெரும்பாலும் நான்கு போர்ட் சில்லு இரண்டு இருக்கும். முதல் சில்லின் ஒரு போர்ட்டில் இரண்டாவதைத் தொங்கவிட்டிருப்பார்கள். மூன்றும் நான்கும் ஏழு. இப்படி ஹப்புக்குப் பின் ஹப்பாக ஐந்து வரை தொடுக்க யூஎஸ்பி விதி இடம் தருகிறது. போர்ட் பெருகும், மின்சாரம் பெருகாது. நான்கு போர்ட் போதும் என்று எடுத்தோம். உள்ளே இருப்பது எஃப்இ1.1எஸ் சில்லு.

பலகையின் அடிப்பக்கத்தில் பிபி22, பிபி23 என்று இரண்டு சோதனைப் புள்ளிகள் உண்டு. யூஎஸ்பியில் தகவல் போகும் இரண்டு டேட்டா தடங்களும் அங்கே வருகின்றன. நேராக அங்கேயே சாலிடர் வைத்துவிடலாம் என்று தம்பிக்கு ஒரே ஆசை. நான் சம்மதிக்கவில்லை. புள்ளி பெயர்ந்து வந்தால் வேறு பலகை தேட வேண்டும். மைக்ரோ துளையில் சாதாரண யூஎஸ்பி செருகியை மாட்ட உதவும் ஓடிஜி கேபிள் விலை அதிகமில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஹப்பை அப்படியே ஓடிஜி கேபிளில் மாட்டி நான்கையும் செருகினால் பென் டிரைவ் வருகிறது, எழுத ஆரம்பித்ததும் காணாமல் போகிறது. இதைப் பார்க்கிறவர்கள் முதலில் ஹப்பையும் பிறகு பென் டிரைவையும் சந்தேகிப்பார்கள். மல்ட்டிமீட்டரை எடுத்து வைத்தேன். சார்ஜர் வாயில் 5.0 வோல்ட். ஹப் போர்ட்டில், பென் டிரைவ் எழுதும்போது, 4.5.

கணக்குப் போட்டால் புரிகிறது. மெல்லிய 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்றால் சார்ஜரிலிருந்து பலகைக்கு வரும் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். எல்லாம் சேர்ந்து 0.7 ஆம்பியர் இழுத்தது, ஆகவே கேபிளிலேயே 0.3 வோல்ட் போய்விட்டது. மீதி ஓடிஜி கேபிளிலும் ஹப்பின் வாலிலும் போனது.

பெரிய ராஸ்பெர்ரி பலகைகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி காட்டும். ஸீரோவில் அந்தச் சுற்றே கிடையாது. அதனால் இந்தப் பலகை வைத்திருப்பவருக்கு மல்ட்டிமீட்டர் கட்டாயம் வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

தசாங்மோன் பௌர்ணமி, பர்மிய விடுமுறை நாள். கடைகள் இல்லை. வரைபடம் மட்டும் போட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

செய்து முடித்தோம். பேட்டரியிலிருந்து வோல்ட்டேஜை இறக்கும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர், 5.1 வோல்ட்டுக்குத் திருகி வைத்தது. அதன் வாயிலிருந்து தடித்த கம்பியில் இரண்டு கிளை: ஒன்று பலகைக்கு, ஒன்று நேரே ஹப்பின் 5 வோல்ட் புள்ளிக்கு. வாய்க்காலின் கடைமடை வயலுக்குத் தனி மடை வெட்டியது போல. பென் டிரைவுக்கு வேண்டிய மின்சாரம் இனிப் பலகை வழியாகப் போக வேண்டியதில்லை.

இதில் விட்டுவிடக் கூடாத ஒன்று: ஹப்பிலிருந்து பலகைக்குப் போகும் வாலில் சிவப்புக் கம்பியை வெட்டிவிட வேண்டும். வெள்ளை, பச்சை, கறுப்பு மூன்று மட்டும் இருக்கட்டும். ஸீரோவில் யூஎஸ்பி துளையின் 5 வோல்ட்டும் பலகையின் 5 வோல்ட்டும் ஒரே தடம், நடுவே ஃபியூஸ் இல்லை. சிவப்பை விட்டுவைத்தால் ஹப்பின் மின்சாரம் பின்வழியாகப் பலகைக்குள் ஏறும். கறுப்பை வெட்டிவிடாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருந்தால்தான் டேட்டா போகும். சில ஹப்புகள் பலகைப் பக்கமிருந்து 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் விழிக்கும். எங்களுடையதில் அதைப் பார்க்கும் சில்லின் கால் ஹப்பின் சொந்த 5 வோல்ட்டோடு இணைந்திருந்ததால் தொல்லையில்லை. பலகைக்கும் ஹப்புக்கும் ஒரே ஸ்விட்ச் வைத்தோம்.

ஹப்பின் 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் ஒன்று. யூஎஸ்பி விதி கேட்பது குறைந்தது 120. எதையாவது செருகும் நொடியில் வோல்ட்டேஜ் குழிவிழாமல் தாங்கும்.

இப்போது எழுதும்போதும் போர்ட்டில் 5.0.

நவம்பர் 18, திங்கள்

மாட்டியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் மர வடிவம் பார்த்தேன். ஹப்பும் பென் டிரைவும் 480, சவுண்டு கார்டு 12, கீபோர்டும் மவுஸும் 1.5 மெகாபிட், எல்லாம் நொடிக்கு. எஃப்இ1.1எஸ்ஸில் மெதுவான சாதனங்கள் எல்லாம் ஒரே 12 மெகாபிட்டைப் பங்கு போடும். ஒலி தடைபடுமோ என்று தம்பிக்குக் கவலை. மோனோ ஒலி, நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட்: 0.768 மெகாபிட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நவம்பர் 23, சனி

முதல் கேசட் ஏறியது. கேசட் பிளேயரையும் அதே பேட்டரியில் ஓட்டியபோது பாட்டுக்கு அடியில் கீச்சென்று ஒரு சத்தம். கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றிவருவதால் கன்வெர்ட்டரின் இரைச்சல் ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. பிளேயருக்கு மட்டும் இரண்டு பென்சில் செல் போட்டதும் சுத்தமானது. ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு எடுப்பதால் வால்யூம் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 346 எம்பி. சுருக்காமல் அப்படியே வைக்கிறோம். நாடா அழிந்தால் இதுதான் மூலம்.

நவம்பர் 24, ஞாயிறு

மோல்மேனிலிருந்து ஒரு தமிழாசிரியர் கூப்பிட்டார். அவர்களிடமும் கேசட் பெட்டி இருக்கிறதாம். "தம்பி, எந்த ஹப் வாங்கணும்?" என்றார். எந்த ஹப் ஆனாலும் பரவாயில்லை ஐயா, முதலில் தடித்த கம்பியும் மல்ட்டிமீட்டரும் வாங்குங்கள், பேட்டரி என்ன அளவு என்று சொல்லுங்கள் என்றேன். வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் பெட்டியில் அடுத்தது இரண்டாவது வரிசை, திருவிழாப் பேச்சுகள்.