மூன்று கணினிகளுக்கும் ஒரே வன்தட்டு

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடந்த பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையில் நானும் நண்பர்கள் இருவரும் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறோம். ஸ்கேனர் இணைத்திருக்கும் படிப்பகக் கணினியில் விண்டோஸ் இருக்கிறது. பக்கங்களை நேர்செய்து, படத்திலுள்ள எழுத்துகளை உரையாக்கும் எழுத்துணரிக்குக் கொடுக்கும் என் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கிறது. அட்டைப் படங்களையும் நேர்காணல் பதிவுகளையும் செப்பம் செய்து தருகிற அண்ணன் மேக் வைத்திருக்கிறார். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே போய்வருவது 2 டிபி கொள்ளளவுள்ள ஒரு வெளி வன்தட்டு. இணையம் வழியாகவே அனுப்பிக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். கிரவுன் அளவுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 40 எம்பி வருகிறது; 64 பக்க இதழ் ஒன்றே இரண்டரை ஜிபியைத் தாண்டிவிடுகிறது. எங்கள் ஊர் இணைய வேகத்துக்கு வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவதே விரைவான வழி.

அந்த வன்தட்டை எந்தக் கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் எந்த ஒழுங்கில், ஃபார்மட் செய்வது என்பதை நான் இரண்டு தவறுகளுக்குப் பிறகே கற்றுக்கொண்டேன். முதல் தவறு லினக்ஸில் நடந்தது. வட்டுகளைக் கையாளும் செயலியில் ஃபார்மட் சாளரம் திறந்ததும் மூன்று தேர்வுகள் முன்னால் நின்றன: லினக்ஸுக்கு மட்டும், விண்டோஸுக்கு, எல்லா இயங்குதளங்களுக்கும் சாதனங்களுக்கும். எனக்கு வேண்டியது மூன்றாவதுதானே என்று, அதன் அருகே சிறிதாக எழுதியிருந்த ‘ஃபேட்’ என்ற சொல்லைப் பொருட்படுத்தாமல், அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன். சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பிறகு ஒரு முதிய இதழாசிரியரை நாங்கள் எடுத்த நேர்காணலின் காணொளிக் கோப்பு, 6 ஜிபி அளவுள்ளது, பாதி வழியில் நின்றுபோனது. வன்தட்டில் 1 டிபிக்கு மேல் இடம் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்தது.

காரணம் எளிது. ஃபேட் 32 முறைமை ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட் எண்ணாகக் குறித்துவைக்கிறது. அந்த எண்ணால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபிக்கு மேல், எண்ண முடியாது. 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டோடு இந்த முறைமை வந்தபோது வீட்டுக் கணினியின் மொத்த வன்தட்டே ஓரிரு ஜிபிதான் இருந்தது என்பதால், அன்று அது குறையாகத் தெரிந்திருக்காது. இன்றைக்குச் சிறிய பென்டிரைவுக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அது போதும். காணொளி வைப்பவர்கள் வெளி வன்தட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது முறை என்டிஎஃப்எஸ் முறைமைக்குப் போனேன். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த இது உறுதியானது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன் பதிவேடு ஒன்றில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் அட்டவணைகள் குலைந்துபோவது அரிது. லினக்ஸில் நெடுங்காலம் தனி நிரல் ஒன்றின் துணையோடு இயங்கிவந்தது. 2021இல் லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 5.15 பதிப்பு வெளிவந்ததிலிருந்து, முழுமையாகப் படிக்கவும் எழுதவும் உதவும் இயக்கி கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அண்ணன் வீட்டில் மேக்கில் செருகியபோது கோப்புகள் எல்லாம் தெரிந்தன, திறந்தன, படங்கள் விரிந்தன. திருத்திய கோப்பைத் திரும்ப வைக்க மட்டும் வழியில்லை. மேக் இயங்குதளம் என்டிஎஃப்எஸ் வட்டைப் படிக்குமே தவிர, தனியாக ஒரு மென்பொருளை நிறுவாமல் அதில் எழுதாது. விண்டோஸும் லினக்ஸும் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் இன்றும் என்டிஎஃப்எஸ்தான் சொல்வேன். மேக் இடையில் வந்தால் அது ஒருவழிப் பாதையாகிவிடுகிறது.

மேக்கின் ஏபிஎஃப்எஸ் முறைமையை விண்டோஸ் தானாக அறியாது; லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையை மற்ற இரண்டும் தாமாக அறியா. ஆகவே மூன்றிலும் படிக்கவும் எழுதவும் மிஞ்சுவது எக்ஸ்ஃபேட் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்த இந்த முறைமையை 2010இல் வந்த 10.6.5 பதிப்பிலிருந்து மேக் ஏற்கிறது. லினக்ஸ் மட்டும் காப்புரிமைச் சிக்கலால் வெகுகாலம் தள்ளியே நின்றது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு கதவு திறந்தது; அந்த ஆண்டே 5.4 கெர்னலில் ஒரு தொடக்கநிலை இயக்கி வந்தது, 2020இல் 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய செம்மையான இயக்கி அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தனிப் பொதி ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும். 4 ஜிபி வரம்பு இதில் இல்லை.

ஃபார்மட் செய்யும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறான வட்டை அழித்துவிடும் ஆபத்தைத்தான் பலர் எண்ணுவதில்லை. மற்ற வெளி வட்டுகளையும் பென்டிரைவ்களையும் கழற்றிவைத்துவிட்டு, வட்டின் பெயரையும் கொள்ளளவையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, பிறகுதான் பொத்தானை அழுத்துகிறேன். 2 டிபி வட்டை மேக்கும் லினக்ஸும் 2 டிபி என்றே காட்டும். விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் கணக்கிடுவதால் 1.81 டிபி என்று காட்டும். இரண்டும் ஒரே வட்டுதான், எதுவும் காணாமல் போகவில்லை.

விண்டோஸில் வட்டின் மேல் வலச்சொடுக்கி, ஃபார்மட் என்பதைத் திறந்து, கோப்பு முறைமைப் பட்டியலில் எக்ஸ்ஃபேட் என்பதைத் தேர்ந்தால் போதும். விரைவு ஃபார்மட் அட்டவணைகளை மட்டும் புதிதாக எழுதிச் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் வட்டு முழுவதும் எழுதிச் சரிபார்க்கும். நொடிக்கு 100 எம்பி வேகமென்றாலும் 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். புது வட்டுக்கு நான் ஓர் இரவு முழுக்க அதை ஓடவிடுகிறேன், குறையுள்ள வட்டாக இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடட்டும் என்று. மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி முதலில் மாற்றிக்கொண்டு, மேலே உள்ள முழு வட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அப்போதுதான் வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் ஜிபிடி என்ற அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் இடமும் தெரியும். பழைய எம்பிஆர் அட்டவணை 2.2 டிபிக்கு மேல் கையாளாது என்பதால், 4 டிபி வட்டுக்கு ஜிபிடி கட்டாயம். லினக்ஸில் நான் முன்பு ஏமாந்த அதே சாளரத்தில் ‘மற்றவை’ என்பதற்குள் போனால் எக்ஸ்ஃபேட் இருக்கிறது.

32 ஜிபிக்கு மேற்பட்ட வட்டில் விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டுக்கு வைக்கும் இயல்பான ஒதுக்கீட்டு அளவு 128 கேபி. அதாவது 2 கேபி உரைக்கோப்பும் வட்டில் 128 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும். எங்கள் எழுத்துணரி பக்கத்துக்கு ஒன்றாக உரைக்கோப்பை உண்டாக்குவதால், பத்தாயிரம் பக்கங்களுக்கு 20 எம்பி போதுமான இடத்தில் 1.2 ஜிபி போய்விடுகிறது. உரைக்கோப்புகளை இதழ்வாரியாக ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவைப்பதால் இப்போது அந்த வீண்செலவு இல்லை.

எக்ஸ்ஃபேட்டின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போல மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு இதில் இல்லை. ஒருநாள் அண்ணன் வீட்டில் திருத்திய பக்கங்களை அதே பெயரில் வட்டில் எழுதி முடித்து, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், முறைப்படி வெளியேற்றாமல் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். நகலெடுக்கும் சாளரம் மறைந்துவிட்டது என்னவோ உண்மை. வட்டின் ஓரத்தில் அந்தச் சிறிய நீல விளக்கு இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. திரையில் வேலை முடிந்த பிறகும் நினைவகத்தில் தங்கிய தரவை இயங்குதளம் மெல்ல எழுதிக்கொண்டிருக்கும் என்பதை நான் அறிந்திருந்தும் செய்த தவறு அது. மறுநாள் படிப்பகத்தில் செருகியபோது கோப்புறைக்குள் பெயர்கள் இருந்தன, பலவற்றின் அளவு பூச்சியமாக இருந்தது. விண்டோஸின் பிழைச் சரிபார்ப்பு, அறுந்துபோன துண்டுகளைப் பெயரில்லாமல் வெறும் எண்ணிட்டுத் தனிக் கோப்புறையில் போட்டது. ஒவ்வொன்றாக டிஃப் என்று பெயர் மாற்றித் திறந்து பார்த்துப் பெரும்பாலானவற்றை மீட்டோம். எட்டுப் பக்கங்கள் மீளவில்லை. இதழை மீண்டும் ஸ்கேனரில் விரித்தபோது, அப்பளம் போல் நொறுங்கும் நிலையிலிருந்த ஒரு தாளின் மூலை உடைந்து கையோடு வந்துவிட்டது. அந்த மூலையில் ஒரு கவிதையின் கடைசி வரி இருந்தது. ஒட்டிவைத்திருக்கிறோம், ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்பு முதல் வெளி வட்டுகளுக்கு விரைவாகக் கழற்றும் ஏற்பாடே இயல்பாக இருக்கிறது; எழுதி முடிந்திருந்தால் முறைப்படி வெளியேற்றாமலே அங்கே கழற்றிவிடலாம். அந்தப் பழக்கத்தை மேக்குக்கும் லினக்ஸுக்கும் கொண்டுபோகக் கூடாது.

சிறிய தொல்லைகளும் உண்டு. மேக் தன் கூடுதல் குறிப்புகளை எக்ஸ்ஃபேட் வட்டில் நேரடியாகச் சேர்க்க முடியாததால், முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் வைத்த துணைக் கோப்புகளாக எழுதுகிறது. அவற்றையும் பக்கங்கள் என்று எண்ணி என் எழுத்துணரி நிரல் தடுமாறியது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தபின் சரியானது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எக்ஸ்ஃபேட்டில் பெயருக்கு 255 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. எக்ஸ்ட்4இல் வரம்பு 255 பைட். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் எக்ஸ்ட்4இல் 15 பைட். ஆகவே லினக்ஸில் ஏறத்தாழ ஐம்பது தமிழ் எழுத்துக்குள் பெயர் முடிய வேண்டும். படிப்பகத்தில் இதழ்ப் பெயர், ஆசிரியர் பெயர், ஊர், மாதம், ஆண்டு எல்லாம் சேர்த்து ஆசையாக நீட்டி வைத்த பெயர்கள் வெளி வட்டில் நன்றாக இருந்து, என் கணினிக்குள் வர மறுத்தன. நான் லினக்ஸில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வைத்த பெயர்களோ எக்ஸ்ஃபேட்டுக்குள் போகவில்லை. இப்போது இதழின் பெயரும் எண்ணும் ஆண்டும் மட்டும் வைக்கிறோம். மற்ற விவரங்கள் தனி அட்டவணையில் இருக்கின்றன.

எக்ஸ்ஃபேட் வட்டு எங்களுக்குச் சுமந்து செல்லும் பை மட்டுமே. இருப்பு வைக்கும் வட்டு என் வீட்டு அலமாரியில் எக்ஸ்ட்4 முறைமையில் தனியாக இருக்கிறது. பயண வட்டு வீடு திரும்பும் மாலையில் புதியவற்றை அதில் நகலெடுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்புக்கும், உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் ஷா-256 என்ற சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். ஒரு வரிகூட மாறாமல் பொருந்திய பிறகுதான் படிப்பகக் கணினியிலிருந்து அந்த இதழை அழிக்கலாம் என்று நண்பருக்குத் தொலைபேசியில் சொல்கிறேன்.