காப்பித் தோட்டத்தில் பனிச்சரிவுப் பயிற்சி

ஏற்காட்டில் பனி என்றால் மார்கழி மாதத்து மூடுபனி, அவ்வளவுதான். அந்த ஊருக்குப் பனிச்சரிவில் புதைந்தவரை மீட்கப் பழகப் போகிறோம் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் காரியத்தில் கண்ணாக, "எதையோ பழகுங்க, வரும்போது நல்ல மிளகு ஒரு கிலோ வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

விஷயம் இதுதான். மார்ச் கடைசியில் நானும் மச்சானும் இரண்டு நண்பர்களும் மறுபடி ஆஸ்திரியா போகிறோம். டிரோல் மாநிலத்தில் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் வென்ட் என்று ஒரு சின்னக் கிராமம், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து 2,501 மீட்டரில் இருக்கும் மார்ட்டின் புஷ் குடில், மறுநாள் விடியலில் பனியாற்றின் மேல் நடந்து சிமிலாவுன் சிகரம். அது 3,600 மீட்டரை ஒட்டி வரும். குடிலிலிருந்து சிகரம் வரை ஏறும் உயரம் கிட்டத்தட்ட சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதுதான். ஆனால் பஸ் கிடையாது, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் நம்மூரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

சறுக்கப் படித்தது குல்மார்கில். அங்கே கோண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறி, சறுக்கி இறங்கினோம். ஸ்கீ டூரிங்கில் அந்தச் சொகுசு இல்லை. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறவேண்டும். பட்டையின் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் சீல் தோல், இப்போது நைலான் அல்லது மோஹேர். மேலே போனதும் உரித்துச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, யாரும் தடம் போடாத பனியில் இறங்கலாம். அந்த இறக்கத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆபத்தும் அதே இடத்தில்தான், ஏனென்றால் அங்கே ஆபத்தான சரிவுப் பனியை முன்கூட்டியே குண்டு வைத்து உதிர்த்து, கொடி நட்டு வழிவிட யாரும் வருவதில்லை.

முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கஷ்டம். ஆஸ்திரியாவில் 140-ஐ அழைத்தால் மலை மீட்புப் படை வரும், ஹெலிகாப்டரும் வரும். ஆனால் பத்து நிமிடத்தில் வருமா? ஆக, மீட்புப் படை என்பது கூட வந்த நாலு பேர்தான். அந்த நாலு பேரின் கை பழகியிருக்க வேண்டும். இதற்குப் பனி எதற்கு? சேர்வராயன் மலைச் சருகே போதும்.

நாகலூர்ப் பக்கம் உறவுக்காரர் ஒருவருக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறிப்பு முடியும் சமயம், களத்தில் கடைசிக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மச்சான் ஒரு பீக்கனைக் கோணிப்பையில் சுற்றி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே எங்கோ சருகுக்குள் புதைத்துவிட்டு வந்தான். பீக்கன் சிக்னல் அனுப்பவும் அதைத் தேடிப் பிடிக்கவும் உதவும் உள்ளங்கை அளவுக் கருவி. எந்தக் கம்பெனி செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும். கிளம்பும்போதே எல்லோருடையதும் அனுப்பும் நிலையில் இருக்கவேண்டும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். திரையில் அம்பும் தூரமும் வரும்.

அந்த அம்பு நேர்கோட்டில் கூட்டிப்போகாது. காந்தப்புலத்தின் வளைவோடு போகச் சொல்லும். நாற்பது மீட்டர் என்று ஆரம்பித்த எண், நான் காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு அரைவட்டம் அடித்தபிறகுதான் பத்தானது. மூன்றுக்குக் கீழே வந்ததும் மண்டியிட்டு, கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து, முதலில் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும், மெதுவாக நகர்த்தவேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் அவசரம் வரும். கையை வேகமாக ஆட்டினால் எண் குதிக்கும். சட்டைப்பையில் செல்போன் இருந்தாலும் குதிக்கும், அதனால் தேடுகிற கருவியிலிருந்து போன் அரை மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும்.

மூன்றாவது சுற்றில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா வந்தார். கொஞ்ச நேரம் எங்கள் மண்டியாட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி தேடறீங்க, செயினை விட்டுட்டீங்களா?" என்றார். சொன்னோம். அவர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, "அங்க சருகு கலைஞ்சிருக்கு பாருங்க" என்றார். அங்கேதான் இருந்தது!

நண்பர்கள் சிரித்தாலும் எனக்கு வென்டில் எங்கள் வழிகாட்டி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். கருவியைப் பார்த்துக்கொண்டே ஓடாதே. கண்ணைத் திறந்து வை, பனிமேல் ஒரு கையுறையோ ஸ்கீ நுனியோ தெரிந்தால் தேடல் பாதி முடிந்தது. அடுத்த சுற்றிலிருந்து புதைக்கும் வேலையை ஐயாவிடமே ஒப்படைத்தோம். அவர் புதைத்த இடத்தில் ஒரு சருகுகூடப் புரண்டிருக்கவில்லை.

தோண்டுவது தனி வித்தை. பீக்கன் காட்டிய இடத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் புரோப் என்ற நீளக் கம்பியை இறக்கவேண்டும். ஏதாவது தட்டினால் கம்பியை உருவக்கூடாது, அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் தோண்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து குழி வெட்டினால் புதைந்தவர் தலைமேல்தான் நிற்போம். தோட்டத்து மண்ணை அதிகம் கிளற மனசு வரவில்லை, இதை மேலோட்டமாகத்தான் செய்தோம்.

மாலையில் மச்சான் போனில் சரிவுமானியை வைத்துத் தோட்டத்தை அளந்தான். 32 டிகிரி. பெண்கள் கூடை கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பறிக்கிற இடம் அது, பார்த்தால் அவ்வளவு செங்குத்தாகத் தோன்றாது. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சரிவில்தான் கிளம்புகின்றன. இந்த எண்ணைக் கண்ணுக்குப் பழக்க ஏற்காட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சரிவு மட்டும் போதாது, கீழே ஒட்டாத ஓர் அடுக்கும் வேண்டும். சர்க்கரை தூவிய தட்டில் தட்டுவடையை வைத்துத் தட்டைச் சாய்த்தால் என்ன ஆகுமோ, அதுதான். மணல் மாதிரி உதிரும் பழைய பனி கீழே, காற்று அடித்து இறுக்கிய பலகை மேலே. சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தப் பலகையை உடைத்தது அவரோ கூட வந்தவரோதான். மலை தானாக வந்து விழுவது அபூர்வம்.

போன தடவை சிமிலாவுன் உச்சியைத் தொடாமல் திரும்பியது இதனால்தான். டிரோலில் தினமும் மாலை 5 மணிக்கு மறுநாளுக்கான பனிச்சரிவு அறிக்கை வரும், ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலை. எங்களுக்கு மூன்று. நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று தோன்றும். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றில்தான். நான்கில் அதிகம் பேர் வெளியே போவதில்லையே! ராத்திரி முழுக்கத் தெற்கிலிருந்து காற்று அடித்து, பனியை எங்கள் வடக்குச் சரிவில் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கடைசிச் சரிவில் வழிகாட்டி இரண்டு அடி வைத்தார். அவர் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு விரிசல், பென்சிலால் கோடு இழுத்தது போல, கொஞ்ச தூரம் ஓடி நின்றது. சிகரம் தலைக்கு மேலே தெரிகிறது. அவர் திரும்பி, "சூப் குடிக்கப் போகலாம்" என்றார். கணவாயில் 3,019 மீட்டரில் உள்ள குடிலில் போய்க் குடித்தோம். 1991-இல் ஓட்ஸி என்ற ஆதிமனிதனின் உடல் கிடைத்த இடம் அங்கிருந்து தூரமில்லை. ஐயாயிரம் வருஷம் பனியில் கிடந்த அந்த மனிதனைக் கொன்றது பனியல்ல, தோளில் பாய்ந்த அம்பு. அன்றைக்கு ஏனோ அது ஆறுதலாக இருந்தது.

ஏற்காட்டில் இரண்டாம் நாள், பனிப்பிளவுப் பயிற்சி. பனியாறு நகரும்போது பிளக்கும், பிளவின் வாயைப் புதுப்பனி மூடிப் பாலம் போட்டுவிடும். காலைக் குளிரில் தாங்கும் பாலம் மதியத்தில் தாங்காது. ஏறும்போது கயிற்றில் கோத்துக்கொள்வோம், இறங்கும்போது பெரும்பாலும் கயிறு இல்லை, ஆனால் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையைக் கழற்றுவதில்லை. விழுந்தவருக்கு அதில் கொக்கி மாட்டித்தானே தூக்கவேண்டும்.

தோட்டத்துக் கற்கட்டு ஓரம் எங்கள் பிளவு. எங்களில் கனமான ஆள் மச்சான்தான், அவனைக் கட்டித் தொங்கவிட்டோம். மேலே பலா மரத்தில் நங்கூரம். நேராக இழுத்தால் மூன்று பேராலும் ஓர் அடி நகர்த்த முடியவில்லை. இசட் வடிவத்தில் கயிற்றை மடித்துக் கப்பி போட்டதும் நகர்ந்தான். ஆனால் கயிறு சுவர் விளிம்பில் அறுத்துக்கொண்டு நின்றது. பனியிலும் இதேதான், கயிறு விளிம்பைக் கடித்து உள்ளே போய்விடும். அங்கே ஸ்கீயையோ பையையோ அடியில் கொடுப்பார்கள், நாங்கள் கோணிப்பையை நுழைத்தோம். கீழேயிருந்து, "டீ ஆறுதுடா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பறிக்க வந்த அக்காமார் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த வாரம் தொங்கப்போவது நான். டீ குடித்து முடித்துவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவேன் என்று மச்சான் இப்போதே சொல்லிவிட்டான்.