வராதவருக்கு இன்னொரு முறை போன் பண்ணுங்கள்

மூளைக்காயம் பட்டவர்களுக்காக ஆதரவுக் குழு தொடங்குகிறவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவது, வருகிறேன் என்றவர்கள் வராதபோதுதான். அதை விருப்பமின்மை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அடிபட்டால், ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கும் திறனே குறைந்துவிடலாம். போக ஆசை இருக்கும், எழுந்து கிளம்ப வராது. மறதியும் சேர்ந்துகொள்ளும். அதனால் முதல் நாள் மாலை ஒன்று, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று என இரண்டு நினைவூட்டல் அனுப்புங்கள். நாள், நேரம், இடம், இவ்வளவு போதும். இந்த மூன்றையும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நினைவில் நிற்காததுகூடப் பழக்கத்தில் நிற்கும்.

அடுத்தது அறை. வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொள்வது பலருக்கும் கடினம். எதிரொலிக்கும் கூடமும் கண் கூசும் டியூப்லைட்டும் அரை மணியிலேயே தலைவலியைக் கொண்டுவந்துவிடும். எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நாற்பது நிமிடப் பேச்சு, கால் மணி ஓய்வு, மறுபடி அரை மணி. அதற்கு மேல் இழுத்தால் களைப்பு மறுநாளும் விடாது, அடுத்த முறை வர வீட்டிலேயே தயங்குவார்கள். படுக்க ஒரு மூலை கட்டாயம் வேண்டும்.

எல்லோரும் பெயர் அட்டை குத்திக்கொள்ளட்டும், ஒரு வருடம் பழகிய பிறகும். இன்றைய தலைப்பைப் போர்டில் எழுதி வையுங்கள், பேச்சு நடுவில் நூல் அறுந்தவர் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். ஒரு பந்தைக் கைமாற்றி, அதை வைத்திருப்பவர் மட்டும் பேசுவது நல்ல வழி. வார்த்தை சிக்கித் திணறுகிறவருக்கு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவர் கேட்காமல் வாக்கியத்தை முடித்துக்கொடுக்காதீர்கள்.

சட்டென்று கோபம் வெடிக்கும், சொன்னதையே சிலர் திரும்பச் சொல்வார்கள். மனதில் வந்ததை நிறுத்திவைக்கும் பிரேக் காயத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான். 'போதும்' என்பதற்கு ஒரு கைச்சைகையை அவரிடமே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்கள் இருவராக இருந்தால், ஒருவர் அவரோடு வெளியே போய் உட்காரலாம்.

வீட்டாரைப் பாதி நேரமாவது தனி அறையில் உட்கார வையுங்கள். பக்கத்தில் இருந்தால் பதிலை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கும் அழ ஓர் இடம் வேண்டும்.

'வலிப்பு மாத்திரையை நான் விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே குறுக்கிடுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான வலிப்பு வரலாம். கூட்டத்தில் வலிப்பு வந்தால் மணியைப் பாருங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

சாக வேண்டும் என்று ஒருவர் முனகினால், அப்படி நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால், அவசர உதவி கிடைக்கும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.