அம்மாவின் நூற்கண்டோடு சிவனொளிபாதமலை

போன வருடம் என் மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளை எழும்பட்டும், பாதத்துக்கு வந்து நூல் கட்டுகிறேன்" என்று இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியிலுள்ள பாதச்சுவட்டுக்கு அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை எழும்பிவிட்டாள். அம்மாவின் முழங்கால்தான் எழும்பவில்லை. ஊசியையும் வெள்ளை நூற்கண்டையும் என் கையில் தந்து, "மணியை ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். உனக்கு இது முதல் மலை. என்னுடைய ஒன்பதையும் உன் கணக்கில் சேர்த்துவிடாதே" என்று எச்சரித்தே அனுப்பினார்.

பௌர்ணமிப் போயா விடுமுறையும் சனிக்கிழமையும் சேர்ந்து வந்ததை நான் யோசித்திருக்க வேண்டும். மலையடிவாரத்து நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே தலைகள்தாம் தெரிந்தன. சீதகங்குல ஓடையில் கால் நனைத்தபோது குளிர் எலும்புக்குள் போனது. படிகளில் வரிசை நகரவேயில்லை. இடித்துக்கொண்டு முன்னே போன இளைஞர் கூட்டத்துக்குச் சாமி பயமும் இல்லை, பெரியவர் என்ற மரியாதையும் இல்லை. ஒரு தேநீருக்குக் கேட்ட விலையைச் சொன்னால் அம்மா நம்பமாட்டார். இந்த மலைக்கு வருகிறவர்களின் பசியாற்ற முதலாம் விஜயபாகு மன்னன் கிராமங்களையே எழுதிவைத்ததாக 11ஆம் நூற்றாண்டு அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் புண்ணியவானை நினைத்தபடியே காசைக் கொடுத்தேன்.

புத்தர் தம் கிழிந்த துறவாடையைத் தைத்த இடமென்று சொல்லி, ஊசியில் நூல் கோத்துக் கட்டும் இந்திகட்டுபானவில்தான் தவித்துப்போனேன். விரல் மரத்து, ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை முயன்றேன். வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டி ஒருவர் ஊசியை வாங்கினார். நூல் நுனியை எச்சிலில் நனைத்து முறுக்கி, டார்ச்சைக்கூடப் பார்க்காமல் ஒரே தடவையில் கோத்துத் தந்தார். "யமு துவே" (போவோம் மகளே) என்று என் முதுகைத் தட்டிவிட்டு முன்னே ஏறினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா சங்கிலியைப் பிடித்து ஏறினாராம். நான் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே 2,243 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டேன். அவர் ஆதமின் பாதத்தைத் தேடி வந்தார். எனக்கு முன்னால் நின்ற பௌத்தர்கள் "சாது, சாது" என்றார்கள். நான் "சிவசிவா" என்றேன். பாதத்தின் முன் எனக்குக் கிடைத்தது மூன்று விநாடி. நெற்றி கல்லில் பட்டது. கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் நினைவில் இல்லை; பிள்ளையின் பெயர் மட்டும் வாயில் வந்தது. என் அப்பனே, அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்!

மணியை ஒரு தடவை அடித்தேன். விடிந்ததும் மேற்கே மூடுபனியின்மேல் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது மீதி நூலைத்தான். இப்போது அது மகளின் மணிக்கட்டில் இருக்கிறது, மூன்று சுற்று.